இடமும் வலமும் ஆட்டிய மணமகள்

வெல்கோவும் நெவேனாவும் முதல் தடவை கல்யாணம் செய்துகொள்ள நகராட்சி மண்டபத்துக்குப் போனபோது, மணமகள் மறுத்துவிட்டதாக இயந்திரம் அறிவித்தது. மணமகள் அப்போது சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். அடுத்த நொடியே மணமகனும் மறுத்துவிட்டதாக அறிவித்தது. அவன் அவளுக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். இரு தரப்பும் ஒருமனதாக மறுத்திருப்பதால் பூரண ஒத்திசைவு எட்டப்பட்டது, விழா இனிதே நிறைவுற்றது என்று சொல்லிவிட்டு இயந்திரம் வால்ட்ஸ் இசை ஒன்றைப் போட்டது. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இசை முடியும்வரை மரியாதையாக நின்றோம். பிறகு வெளியே வந்து, கல்யாணத்துக்குச் சுட்ட ரொட்டியை மழையில் நின்று தின்றோம்.

நான் அந்தக் கல்யாணத்தின் கூம். எங்கள் பக்கம் கூம் என்றால் வெறும் சாட்சி இல்லை. அந்தக் குடும்பம் நன்றாக இருந்தால் ரக்கியா சாராயம் குடிக்கவும், நன்றாக இல்லாவிட்டால் திட்டு வாங்கவும் கடமைப்பட்டவன். வயிற்றுப்பாட்டுக்கு முடி வெட்டுகிறேன். எங்கள் ஊர் கலினோவோவில் என் கை படாத தலை இல்லை, அதனால் தலைகளுக்கு நேர்ந்த கதையை நான் சொல்வதுதான் முறை.

எங்கள் நாட்டில் ஆம் என்றால் தலை இடமும் வலமுமாகப் போகும். இல்லை என்றால் மேலும் கீழுமாக ஒரு வெட்டு. பல்கேரியாவில் பிறந்த குழந்தை பேச்சு வருவதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டுவிடும். மற்ற நாட்டுக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்று கேள்வி. அவர்கள் கழுத்து, அவர்கள் பாடு என்று நாங்கள் விட்டுவிட்டோம். தேசிய ஒத்திசைவு ஆணையம் விடவில்லை.

ஆணையத்தின் கொள்கை ரொம்ப எளிமை. வாய் பொய் சொல்லும், தலை சொல்லாது. ஆகவே குடிமக்கள் அரசோடு ஒத்துப்போகிறார்களா என்பதை அவர்கள் பேச்சை வைத்து முடிவு செய்யக் கூடாது, தலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்காகச் செயற்கை அறிவு இயந்திரம் ஒன்றைத் தூரதேசத்திலிருந்து தருவித்தார்கள். சம்மதம் என்று அர்த்தம் வரும்படி 'சக்லாசியே' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அத்தனை நீளப் பெயரை யார் சொல்வது? ஊர் அதைச் சாஷ்கா என்று கூப்பிட்டது. சமையலறையில், பேருந்தில், பல் மருத்துவர் அறையில், என் கடைக் கண்ணாடிக்கு மேலே என்று திரும்பின இடமெல்லாம் சாஷ்காவின் கண் வந்து உட்கார்ந்தது. காலையில் இனிமையான பெண் குரலில் அது ஒரு வாக்கியம் சொல்லும். "நேற்றைவிட இன்று நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறீர்களா?" நாம் தலையை ஆட்ட வேண்டும். மதிப்பெண் விழும். வேலை, வீடு, மருந்து, கல்யாணம் எல்லாம் அந்த மதிப்பெண்ணின் தயவு.

ஆரம்பித்த வாரம் பயத்தில் தேசமே இடமும் வலமுமாக ஆட்டியது. வெளிநாட்டுத் தலைகளைப் பார்த்தே பாடம் படித்திருந்த சாஷ்கா, தேசமே எதிர்க்கிறது என்று குறித்துக்கொண்டது. முழு மதிப்பெண் வாங்கியவர்கள் மத்தியச் சிறையில் கிடந்த அரசு எதிர்ப்பாளர்கள் மட்டும்தான். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். முழு மதிப்பெண் வாங்கியவரைச் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை. பூங்கொத்து கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அவர்கள் பூங்கொத்தோடு நேராக எல்லையைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

வெல்கோ, நெவேனா கல்யாணமும் அந்த வாரத்தில்தான் மாட்டிக்கொண்டது.

வெல்கோ நகராட்சிப் பேருந்து ஓட்டுபவன். ஐம்பதைத் தாண்டியும் யாரிடமும் எதிர்த்துப் பேசியறியாதவன். நெவேனா பேருந்து நிலையத்தில் பானிட்சா சுட்டு விற்கிறாள். பாலாடைக்கட்டியை மடித்து வைத்துச் சுடுகிற அந்தப் பலகாரம் அவள் கையில் பூப்போல வரும். தினமும் காலையில் வெல்கோ ஒன்று தின்று முடித்ததும், "இன்னொண்ணு வேணுமா?" என்று கேட்பாள். அவன் வாய் நிறைய மாவோடு தலையை இடமும் வலமுமாக ஆட்டுவான். பல வருஷம் இதுதான் அவர்கள் பேசிக்கொண்டது. ஒருநாள் அதே குரலில், "கல்யாணம் வேணுமா?" என்று கேட்டாள். அவன் ஆட்டின ஆட்டில் தொப்பி கழன்று தட்டில் விழுந்தது. நான் பார்த்தேன்.

மண்டபத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கப் பார்ப்பது எங்கள் வழக்கம். முந்தி மிதித்தவர் ராஜ்யம்தான் அந்த வீட்டில். நெவேனா அதற்கென்றே குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கியிருந்தாள். கையெழுத்துவரை போகவே சாஷ்கா விடவில்லை, செருப்பு மறுபடி பெட்டிக்குள் போனது. கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது. ஒரே ஜோடி மூன்று முறை மறுத்தால் அவர்கள் நிரந்தர இணக்கமற்றோர். ஒருவரை டான்யூப் கரைக்கும் மற்றவரைக் கருங்கடல் பக்கமும் குடிபெயர்த்துவிடுவார்கள், அவர்களுடைய நிம்மதிக்காக. பதிவில்லாமல் ஒரே வீட்டில் இருந்துகொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. ஒரு சமையலறையில் பதிவில்லாத இரண்டு தலை இருந்தால் சாஷ்காவுக்குக் குழப்பம் வருமாம்.

எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று கடைசியில் ஆணையத்துக்கே தோன்றிவிட்டது. வல்லுநர் குழு போட்டார்கள். குழு கடலோர விடுதி ஒன்றில் தங்கிக் கோடை முழுவதும் ஆராய்ந்து, நன்றாக வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தது. ஆணையத் தலைவர் டாக்டர் எவ்லோகி ரங்கெலொவ் தொலைக்காட்சியில் தோன்றி முடிவை அறிவித்தார்.

"பிரச்சினையைக் கண்டுபிடித்துவிட்டோம். இயந்திரம் சரியாக இருக்கிறது. மக்கள்தான் தவறாக இருக்கிறார்கள். இயந்திரத்தைத் திருத்துவதென்றால் அதைச் செய்தவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். மக்களைத் திருத்த யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்."

சொல்லிவிட்டு மேலும் கீழுமாக ஒரு முறை தலையை ஆட்டிக் காட்டினார். பிறந்ததிலிருந்து நாங்கள் 'இல்லை' என்று புரிந்துகொண்டு வந்த ஆட்டம் அது. அன்று முதல் அதுதான் ஆம்.

பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களில் கழுத்துப் பயிற்சி தொடங்கியது. மதிப்பெண் குறைந்தவர்கள் சாயங்காலம் போய்ப் பெஞ்சில் உட்கார வேண்டும். உடற்பயிற்சி வாத்தியார் விசில் ஊதுவார், எல்லோரும் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். பிடிவாதமான கழுத்துக்குத் தோல்பட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டால் பக்கவாட்டில் திரும்ப முடியாது. தெருவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், பட்டைக்காரர்கள் தட்டாமாலை சுற்றுவதுபோல் முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

பட்டை கட்டினால் பழக்கம் வந்துவிடுமா? சிலர் வீட்டில் பழைய மாதிரி ஆட்டினார்கள், வெளியே புது மாதிரி ஆட்டினார்கள். சிலருக்கு இரண்டும் சேர்ந்து தலை வட்டம் போட்டது. பல் மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, மரத்துவிட்டதா என்று தபால்காரரிடம் கேட்டார். தபால்காரர் புது முறையில் இல்லை என்று ஆட்டினார். மருத்துவர் அதைப் பழைய முறையில் ஆம் என்று எடுத்துக்கொண்டு பல்லைப் பிடுங்கினார். அந்தச் சத்தம் என் கடைவரை கேட்டது. என் பாடும் லேசாக இல்லை. நான் கன்னத்தில் கத்தியை வைக்கிற நேரம் பார்த்துத்தான் சாஷ்கா கேள்வி கேட்கும், உட்கார்ந்திருப்பவர் உடனே மேலும் கீழும் ஆட்டுவார். அந்தக் குளிர்காலத்தில் அரசு விசுவாசிகளைத் தாடையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நடுவில் மாவட்டத்தின் சிறந்த குடிமகன் என்ற விருதுக்கு ஆள் தேடினார்கள். எல்லாரையும்விட அதிக மதிப்பெண் வாங்கியவர் எங்கள் ஊர்க்காரர்தான். பெயர் ஷாரோ, விலாசம் வெல்கோவின் பேருந்து, முன்கண்ணாடி ஓரம். ஷாரோ ஒரு பொம்மை நாய். கழுத்தில் கம்பிச்சுருள் வைத்த தலையாட்டிப் பொம்மை. பள்ளம் மேட்டில் பேருந்து குலுங்கும்போதெல்லாம் அது மேலும் கீழும் ஆட்டும். எங்கள் சாலைகளின் நிலைமைக்கு அது நாளெல்லாம் அரசை ஆமோதித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இது பொம்மை என்று வெல்கோ அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தான். வந்திருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பொம்மையா இருக்கலாம் சார். ஆனா அதோட கழுத்தப் பத்தி எங்களுக்கு எந்தப் புகாரும் இல்ல. உங்க கழுத்தப் பத்தித்தான் இருக்கு."

ஷாரோவுக்குப் பதக்கம் போட்டார்கள். உள்ளூர் ஒத்திசைவு சபையில் உறுப்பினர் பதவியும் கொடுத்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் வெல்கோ அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் முன்வரிசை மேஜையில் வைப்பான், கூட்டம் முடிந்ததும் எடுத்து வருவான்.

இதற்குள் வெல்கோ பயிற்சியில் முதல் மாணவனாகிவிட்டான். எல்லாம் நெவேனாவுக்காகத்தான். சரியாக ஆட்டக் கற்றுக்கொண்டால் கல்யாணம் நடந்துவிடும் என்று அந்த அப்பாவி நம்பினான். பேருந்து ஓட்டும்போது ஷாரோவைப் பார்த்துப் பார்த்துப் பழகினான். வாத்தியார் மற்றவர்களிடம், வெல்கோ கழுத்தைப் பாருங்கள் என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

நெவேனா பயிற்சிக்குப் போகவே இல்லை. நான் கூம் ஆயிற்றே, புத்தி சொல்லப் போனேன். ஒரே ஒரு தடவை மேலும் கீழும் ஆட்டிவிடேன், என்ன குறைந்துவிடும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் உன் இஷ்டப்படி ஆட்டு என்றேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"என் மொதல் புருஷன் பஸ்ல ஏறி உட்கார்ந்தான். ஜன்னல்கிட்ட நின்னு, திரும்பி வருவியான்னு கேட்டேன். மேலயும் கீழயும் ஆட்டினான். அவ்வளவுதான். அந்த ஆட்டத்த நான் இன்னும் மறக்கல கூமே. அதையே இவனப் பாத்து நான் ஆட்டணுமா? கல்யாணத்தன்னிக்கு?"

ஒரு பானிட்சா கொடுத்தாள், தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அப்படியும் பனிக்காலத்தில் இரண்டாம் தடவை மண்டபத்துக்குப் போனார்கள். இந்தப் பெண்ணை ஏற்கிறீர்களா என்று சாஷ்கா மாப்பிள்ளையிடம் முதலில் கேட்டது. வெல்கோ நெவேனாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, படித்த பாடத்தை அப்படியே ஒப்பித்தான். மேலும் கீழும். மேலும் கீழும். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சாஷ்கா வாழ்த்துச் சொன்னது. நெவேனாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது. தனக்கு வந்த கேள்விக்கு அவள் தலையை ஆட்டவே இல்லை. பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தாள். வாசல் படியில் நான் பிடித்து நிறுத்தினேன்.

"தெரியுது கூமே, அவன் ஆமாம்னுதான் சொன்னான்னு தலைக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியல," என்றாள்.

மணமகள் வெளியேறியதால் மறுத்ததாகக் கணக்கு. மிச்சம் இருந்தது ஒரே தடவை.

அதற்கப்புறமும் வெல்கோ தினமும் காலையில் அவள் கடைக்குப் போனான். அவளும் பழையபடி இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். ஆனால் அவன் கழுத்து இப்போது அவன் பேச்சைக் கேட்பதாக இல்லை. பழகின பழக்கத்தில் மேலும் கீழும் ஆட்டிவிடுவான். அவள் பானிட்சாவை மறுபடி தட்டில் வைத்துவிடுவாள். அவன் பாதி வயிற்றோடு பேருந்தை எடுப்பான். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்தான்.

வசந்தம் வந்தது. ஒத்திசைவு தினம் எங்கள் ஊரில் நடக்கும் என்று அறிவித்தார்கள். டாக்டர் ரங்கெலொவ் நேரில் வருகிறார், எல்லார் முன்னிலையிலும் வெல்கோ நெவேனா ஜோடியை மூன்றாம் முறை விசாரித்து, கழுத்து வளையாதவர்களுக்கு என்ன ஆகும் என்று நாட்டுக்கே காட்டப் போகிறார் என்று பேச்சு. நெவேனாவுக்கு டான்யூப் கரையில் ஒரு அறைகூட ஒதுக்கியாகிவிட்டது.

முந்தின நாள் அவர் சவரத்துக்கு என் கடைக்கு வந்தார். பெரிய மனிதர்தான், ஆனால் கழுத்து என்னவோ எல்லாருக்கும் உள்ள கழுத்துதான். சுடுதுண்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இடமும் வலமும் ஆட்டினார். சட்டென்று கண்ணைத் திறந்து மேலும் கீழும் ஆட்டினார். தலைவரின் பதில் தெளிவாக இல்லை என்று கண்ணாடிக்கு மேலிருந்து சாஷ்கா பணிவோடு சொன்னது. நான் ஒன்றும் கவனிக்காதவன்போல் நுரையைக் குழைத்தேன்.

சுடுதுண்டு வைத்தால் யாருக்கும் பேச்சு வரும். ஆணையம் எவ்வளவு ஜனநாயகமானது என்று அவரே ஆரம்பித்தார்.

"எங்க சட்டத்துல ஒரு விதி இருக்கு, தெரியுமா? ஒவ்வொரு கூட்டமும், ஆணையத்த நம்புறீங்களாங்கற கேள்வியோடதான் ஆரம்பிக்கணும். சபை நம்பலேன்னா ஆணையம் அந்த இடத்துலயே கலைஞ்சிடும். சாஷ்கா சொல்றதுதான் முடிவு, மேல்முறையீடே கெடையாது. வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்துட்டு அசந்துபோறாங்க."

யாராவது அப்படி ஆட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன்.

"அந்த விதி பயன்படுத்துறதுக்காக வச்சதில்லப்பா. இருக்குன்னு சொல்றதுக்காக வச்சது," என்றார்.

அவர் போனதும் கடையைப் பூட்டிவிட்டு நேராக நெவேனாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். குளிர்காலம் முழுக்க நான் பார்க்காத சிரிப்பு.

அன்று பானிட்சா வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். சாஷ்காவின் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டே சொன்னாள். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

"நாளைக்குக் கூட்டத்துல ஆணையத்த நம்புறீங்களான்னு கேப்பாங்க. ஆமாம்னு சொல்லுங்க. மனசார சொல்லுங்க. உங்க அப்பன் எப்படி ஆமாம்னு சொன்னானோ அப்படிச் சொல்லுங்க."

தபால்காரர் பல்லில்லாத கன்னத்தைத் தடவிக்கொண்டார். எல்லாரையும் மறுபடி பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"ஊரையே உட்கார வைக்க அவங்ககிட்ட பெஞ்சு இல்ல," என்றாள் நெவேனா.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் ரங்கெலொவ், அவருக்கு மேலே சாஷ்காவின் பெரிய கண். முன்வரிசை மேஜையில் பதக்கத்தோடு மாண்புமிகு உறுப்பினர் ஷாரோ. பக்கத்தில் விசாரிக்கப்பட வேண்டிய ஜோடி. நெவேனா அந்தக் குதிகால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

ரங்கெலொவ் நன்றாகப் பேசினார். ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஆளுக்கொரு கருத்து இருந்தது, அதனால் ஆளுக்கொரு கவலையும் இருந்தது, இன்று கருத்தை ஆணையம் பார்த்துக்கொள்கிறது, மக்கள் கவலையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். கைதட்டினோம். பிறகு சடங்குக்கு வந்தார். சாஷ்கா இனிமையாகக் கேட்டது.

"இந்தச் சபை ஆணையத்தை நம்புகிறதா?"

நெவேனா தலையை இடமும் வலமும் ஆட்டினாள். எல்லாருக்கும் தெரியும்படி, நிதானமாக ஆட்டினாள்.

"ஒருவர் நம்பவில்லை," என்றது சாஷ்கா.

மண்டபத்தில் ஒரு தலை அசையவில்லை. முந்தின நாள் கடையில் வீரமாக இருந்தவர்களெல்லாம் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான், பொய் சொல்வானேன். ரங்கெலொவின் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. நெவேனா யாரையும் பார்க்கவில்லை. வெல்கோவை மட்டும் பார்த்தாள். காலையில் தட்டோடு நின்று கேட்பாளே, அந்தப் பார்வை.

வெல்கோவின் தலை மேலே போகத் தொடங்கியது. பழகின கழுத்து, அது என்ன செய்யும்? பாதி வழியில் நின்றது. நெற்றியில் நரம்பு புடைத்தது. பேருந்தின் ஸ்டியரிங்கை ஒடிப்பதுபோல் தோள்பட்டையை இறுக்கிக்கொண்டு தலையை இடப்பக்கம் திருப்பினான். என் இடம்வரை கேட்கும்படி எலும்பு சொடுக்கியது. பிறகு வலப்பக்கம் திருப்பினான். பிறகு இடம், வலம், இடம், வலம் என்று நிறுத்தாமல் ஆட்டினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வலியிலா வேறெதிலா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் ஆட்டினேன். தபால்காரர் ஆட்டினார். பல் மருத்துவர் ஆட்டினார். விசில் வாத்தியார்கூட ஆட்டினார். பட்டை கட்டியிருந்தவர்கள் இடுப்போடு சேர்த்து முழு உடம்பையும் ஆட்டினார்கள். மண்டபம் முழுக்க இடமும் வலமுமாக அலை அடித்தது. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை ஒரேயடியாக ஆட்டித் தீர்த்தோம்.

ரங்கெலொவ் மேடை விளிம்புக்கு வந்து குனிந்து முன்வரிசை மேஜையை ஓங்கிக் குத்தினார். "நிறுத்துங்க," என்றார். அந்தக் குத்தில் ஷாரோவின் தலை மேலும் கீழும் ஆடியது.

"முடிவு," என்றது சாஷ்கா. "இந்தச் சபையில் ஆணையத்தை நம்புபவர் ஒருவர். மாண்புமிகு ஷாரோ. மற்ற அனைவரும் நம்பவில்லை. விதிப்படி ஆணையம் கலைகிறது. டாக்டர் ரங்கெலொவ் அவர்கள் மேடையை விட்டு இறங்க வேண்டுகிறேன்."

தலைவர் எங்களைப் பார்த்தார். அவர் குரலில் இப்போது தொலைக்காட்சி இல்லை.

"என்னய்யா இது? எல்லாரும் எதிர்க்கிறீங்களா?"

நெவேனா எழுந்து நின்றாள்.

"எதிர்க்கிறதா? யாரு ஐயா எதிர்த்தா? உங்கள முழுசா நம்புறோம்னுதானே ஆட்டினோம். உங்களுக்கே தெரியாதா, நாம ஆமாம்னா எப்படி ஆட்டுவோம்னு?"

மண்டபம் மறுபடி இடமும் வலமும் ஆட்டி அவள் சொன்னதை ஆமோதித்தது. எதிர்ப்பு உறுதி செய்யப்பட்டது என்றது சாஷ்கா. மேடை விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. காவலர்கள் இருவர் படியேறி வந்து அவர் பக்கத்தில் மரியாதையாக நின்றார்கள். ரங்கெலொவ் அந்தக் கண்ணை அண்ணாந்து பார்த்தார்.

"நம்ம நாட்டுல இடமும் வலமும் ஆட்டினா ஆமாம்னுதான் அர்த்தம். எப்பவும் அப்படித்தான். எங்கம்மா அப்படித்தான் ஆட்டுவா. இயந்திரம் தப்பாப் புரிஞ்சிக்கிட்டிருக்கு."

சாஷ்கா அதைக் குறித்துக்கொண்டது.

"நன்றி, டாக்டர்," என்றது. "இனி அப்படியே எடுத்துக்கொள்கிறேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை."

சபை நம்பியதாகக் கணக்கு மாறி, விளக்குகள் மறுபடி எரிந்தன. ரங்கெலொவ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சாஷ்கா விடவில்லை, அது கணக்கில் கண்டிப்பானது. பழைய பதில்களையெல்லாம் அந்த இடத்திலேயே திருத்தியது. கழுத்துப் பயிற்சியில் தேறியவர்கள் எல்லாரும் பயிற்சிக்குப் பிறகு ஆட்டிய ஒவ்வொரு ஆட்டத்திலும் அரசை மறுத்திருக்கிறார்கள் என்றாகிவிட்டது. எங்கள் மதிப்பெண் பூஜ்யம். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, அத்தனை பேருக்கும் பெஞ்சு ஏது? ஷாரோ பிறந்ததிலிருந்து ஒரு முறைகூட எதையும் ஒத்துக்கொள்ளாத ஆபத்தான ஆசாமி என்று தெரியவந்தது. காவலர்களில் ஒருவர் பதக்கத்தைக் கழற்றிக்கொண்டு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மாநாடுகளிலும் தொலைக்காட்சியிலும் அரசின் எல்லாக் கூற்றுகளையும் தொடர்ந்து மறுத்து வந்திருப்பவர் டாக்டர் ரங்கெலொவ்," என்றது சாஷ்கா. "மனிதர்களில் மிகக் குறைந்த மதிப்பெண் அவருடையது. அவருக்குக் கழுத்துப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது."

விசில் வாத்தியார் கூட்டத்திலிருந்து கையைத் தூக்கி, எந்தப் பக்கம் ஆட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். தலைவரையும் பொம்மை நாயையும் ஒரே காரில் ஏற்றினார்கள். சாலை பள்ளமாக இருந்தது, ஷாரோ வழி நெடுக எதிர்த்துக்கொண்டே போயிருக்கும்.

கடைசியாகச் சாஷ்கா ஜோடியிடம் வந்தது. சென்ற வசந்தத்தில், முதல் தடவையே, இரு தரப்பும் சம்மதித்திருப்பதாகத் தெரிகிறது, ஆகவே அன்று முதல் நீங்கள் கணவன் மனைவி, திருமணமானவர்களை மறுபடி மறுபடி கூப்பிட்டுக் கேட்டதற்கு வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டு, பழைய வால்ட்ஸைப் போட்டது. அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

சாஷ்காவுக்குத் தலைகள் மட்டும்தான் தெரியும். மேஜைக்குக் கீழே ஒரு வருஷமாகக் காத்திருந்த குதிகால் வெல்கோவின் காலில் இறங்கியது அதற்குத் தெரியவில்லை. பூட்ஸ் தோல் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"வலிக்குதா?" என்று கேட்டாள் நெவேனா.

வெல்கோ அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.